விண்வெளிக் கௌபாய் காமெடி: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி இது: "விண்வெளி, கௌபாய், காமெடி, காலப்பயணம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எடுத்த படங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்குமா? ஒன்றிரண்டு பார்த்தேன். சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கிறது, அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. ஏன் அப்படி? எதைப் பார்க்கலாம்?"

நன்றாக இருப்பவை இருக்கின்றன, ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்களுக்கு அலுத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ராக்கெட்டிலிருந்து தொப்பியும் பூட்ஸுமாக ஒருவன் இறங்கினால் முதல் தடவை சிரிப்பு வரும். மூன்றாவது தடவை அது வெறும் மாறுவேடப் போட்டி. இந்த வகைப் படங்களில் பாதிக்கு மேல் அந்த முதல் சிரிப்பை நம்பியே எடுக்கப்பட்டவை.

தேறிய படங்களில் ஒரு பொது அம்சம் உண்டு. கௌபாய் படத்தின் உயிர் பழிவாங்கல். அப்பாவைக் கொன்றவனை மகன் தேடிப் போவான்; கடைசியில் நடுத்தெருவில் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள்; யார் கை முந்துகிறது என்பதுதான் கதை. நல்ல விண்வெளி வெஸ்டர்ன் காமெடி எதை எடுத்தாலும், அந்தத் துப்பாக்கிச் சண்டையில் அறிவியல் புனைவு குறுக்கே கட்டையைப் போட்டிருக்கும். வழக்கமான வழியில் அந்தச் சண்டை நடக்கவே முடியாது. அப்போது பாத்திரங்கள் திண்டாடுவார்கள், நாம் சிரிப்போம். மோசமான படங்களில் சண்டை பழையபடியே நடக்கும், துப்பாக்கியிலிருந்து மட்டும் குண்டுக்குப் பதில் ஒளி வரும்.

இதில் இரண்டாவது ரகம் எவ்வளவு பழையது என்பதற்கு ஓர் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 'கேலக்ஸி' என்ற அறிவியல் புனைகதை இதழ் 1950 அக்டோபரில் தொடங்கியது. அதன் முதல் இதழின் பின்னட்டையில் இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒன்றில் பேட் டர்ஸ்டன் என்பவன் ஜெட் சீற ஏதோ ஒரு குட்டிக் கோளின் காற்றுமண்டலத்துக்குள் பாய்ந்து வருகிறான். மற்றொன்றில் அதே பேட் டர்ஸ்டன் குளம்பொலி அதிரக் குதிரையில் ஒரு கணவாய் வழியாக வருகிறான். இரண்டிலும் ஒல்லியான, உயரமான வில்லன் ஒருவன் மறைவிலிருந்து வெளியே வருகிறான். ஒரு பக்கம் புரோட்டான் துப்பாக்கி, மறுபக்கம் ஆறு குண்டுத் துப்பாக்கி. வாக்கிய அமைப்புகூட அச்சு அசல் ஒன்றுதான். இப்படிப்பட்ட கதைகளை எங்கள் இதழில் ஒருபோதும் பார்க்க மாட்டீர்கள் என்பதுதான் விளம்பரமே! குதிரையை எடுத்துவிட்டு ராக்கெட்டை வைத்தால் அறிவியல் புனைவாகிவிடாது என்று எழுபது வருடங்களுக்கு முன்பே சலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கும் பதினைந்து வருடம் முன்னால் போனால், இந்தக் கலப்படத்தின் கொள்ளுத்தாத்தா வருகிறது: 1935-இல் வந்த 'தி ஃபேன்டம் எம்பயர்', 12 அத்தியாயங்கள் கொண்ட தொடர்படம். பாடும் கௌபாயாகப் பெயரெடுத்த ஜீன் ஆட்ரி, ஜீன் ஆட்ரியாகவே வருகிறார். அவருடைய பண்ணைக்கு அடியில், பூமிக்குள் வெகு ஆழத்தில், முரேனியா என்றொரு நாடு. ராணி, கதிர் ஆயுதங்கள், எந்திர மனிதர்கள் எல்லாம் உண்டு. ஆட்ரியின் பிரச்சினை அதுவல்ல. தினமும் மதியம் 2 மணிக்குப் பண்ணையிலிருந்து வானொலியில் பாடியாக வேண்டும், தவறினால் ஒப்பந்தம் போய்விடும், பண்ணையும் போய்விடும். ஆக, பாதாள உலகத்தில் மரண தண்டனையிலிருந்து தப்புவதும், மேலே ஓடிவந்து கிதாரை எடுப்பதும் மாறி மாறி நடக்கின்றன. அந்த எந்திர மனிதர்களின் தலையைக் கவனியுங்கள்: அகல விளிம்புத் தொப்பி போட்டதுபோல் தகரத்தில் செய்திருப்பார்கள். பாதாளத்தில் வெயிலே கிடையாது, தொப்பி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. படம் எடுத்தவர்களுக்கு இது காமெடி என்ற நினைப்பே இல்லை. அதனாலேயே இன்றைக்கு இது நல்ல காமெடி. முழுக்கப் பார்க்கப் பொறுமை வேண்டும்; முதல் இரண்டு அத்தியாயம் போதும்.

சரி, தெரிந்தே செய்தவர்களுக்கு வருவோம்.

'ஒப்ளிவியன்' (1994) உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். ஆண்டு 3031. தூரத்துக் கோள் ஒன்றில் ஒரு புழுதி படிந்த ஊர், பார்த்தால் 1880-களின் அமெரிக்க மேற்குப் பகுதிதான். மலிவான பட்ஜெட்டில் பேய்ப்படங்களும் அறிவியல் படங்களும் எடுத்துத் தள்ளிய ஃபுல் மூன் நிறுவனத்தின் வெளியீடு. இயக்கம் சாம் இர்வின். திரைக்கதை பீட்டர் டேவிட், 'ஹல்க்' காமிக்ஸைப் பல வருடம் எழுதியவர். படப்பிடிப்பு ருமேனியாவில். மேற்கத்திய ஊர் என்று நாம் திரையில் பார்ப்பவற்றில் பல ஸ்பெயினிலோ யூகோஸ்லாவியாவிலோ எடுக்கப்படுவது அறுபதுகளிலிருந்தே வழக்கம்தான், எனவே இது மரபுப்படி சரியே.

ரெட்ஐ என்ற பல்லித்தோல் வில்லன் ஊருக்குள் வந்து ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷலைத் தீர்த்துக்கட்டுகிறான். மார்ஷலின் மகன் ஸாக் ஊருக்குத் திரும்புகிறான். கௌபாய் கணக்குப்படி இனி அவன் துப்பாக்கியை எடுத்தாக வேண்டும். ஆனால் ஸாக் மற்றவர்களின் வலியைத் தன் உடம்பில் உணரும் பிறவி. ஒருவனைச் சுட்டால் அந்தக் குண்டு தன்மேல் பாய்ந்ததுபோல் துடித்துப்போவான். ஊரே அவனைக் கோழை என்று நினைக்கிறது. அவனும் வாய் திறந்து விளக்குவதில்லை. நான் மேலே சொன்ன கட்டை இதுதான்: பழிவாங்க வேண்டிய கதாநாயகனுக்குப் பழிவாங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. இந்த ஒரு யோசனைக்காகவே படத்தை மதிக்கலாம்.

அடுத்த வேடிக்கை, பாத்திரங்களுக்கு ஆள் பிடித்த விதம். ஊர் மருத்துவராக எந்நேரமும் போதையில் மிதப்பவர் ஜார்ஜ் டக்கேய், 'ஸ்டார் ட்ரெக்'கில் விண்கலம் ஓட்டிய சூலு. மதுக்கடை நடத்தும் மிஸ் கிட்டியாக ஜூலி நியூமர். அவர் அறுபதுகளின் 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் பூனைப்பெண்ணாக வந்தவர், இங்கேயும் பூனைபோலவே உறுமுகிறார். மிஸ் கிட்டி என்பது 'கன்ஸ்மோக்' என்ற நெடுங்காலக் கௌபாய் தொடரில் மதுக்கடை நடத்திய பெண்ணின் பெயர். ஒரே பாத்திரத்தில் இரண்டு வகைத் தொலைக்காட்சி நினைவுகளையும் கட்டிவிட்டார்கள். பிணப்பெட்டி செய்பவராக ஏழடி உயர கேரல் ஸ்ட்ரைக்கன், 'ஆடம்ஸ் ஃபேமிலி' படங்களின் லர்ச். இவருக்கு யார் சாகப்போகிறார்கள் என்பது முன்னாடியே தெரிந்துவிடும். எனவே அவர் ஊருக்குள் வந்தாலே ஆளாளுக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். துணை அதிகாரியாக மெக் ஃபாஸ்டர், பாதி மனுஷி பாதி எந்திரம்.

ஊருக்கு வெளியே ராட்சதத் தேள்கள் உண்டு. டேவிட் ஆலன் ஒவ்வொரு சட்டகமாக பொம்மையை நகர்த்தி எடுத்த தேள்கள் அவை. கணினி வரைகலைக்குப் பழகிய கண்ணுக்கு அவை தத்தித் தத்தி நடப்பதுபோல் தோன்றும். எனக்கு அது பிடிக்கும். படத்தின் குறையும் உண்டு: நடுவில் தொய்கிறது, சில ஜோக்குகள் மாட்டுவண்டி வேகத்தில் வருகின்றன, கதாநாயகன் பக்கத்தில் நிற்கிற எல்லோரும் அவனைவிடச் சுவாரசியமாக இருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார்கள், 1996-இல் வந்தது. முதல் பாகம் பிடித்தால் மட்டும் தொடருங்கள்.

இனி இந்த வகையில் என்னைப் பொறுத்தவரை முதலிடம்: 'தி அமெரிக்கன் ஆஸ்ட்ரோநாட்' (2001). எழுதி, இயக்கி, நடித்து, பாடியவர் கோரி மெகபீ. இசை அவருடைய 'தி பில்லி நேயர் ஷோ' குழு. கறுப்பு வெள்ளைப் படம், அதோடு பாட்டுப்படமும்கூட. எந்தக் காலத்தில் நடக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. உடையும் மதுக்கூடமும் நாற்பது, ஐம்பதுகள்போல இருக்கும், வேலை கிரகம் விட்டுக் கிரகம் சரக்கு கடத்துவது, நடை பேச்செல்லாம் கௌபாய். ஆனால் யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை. அதுதான் படத்தின் பலம்.

கதை ஒரு பண்டமாற்றுச் சங்கிலி. சாமுவேல் கர்டிஸ் என்ற கடத்தல் வியாபாரி சீரிஸ் குறுங்கோளில் உள்ள மதுக்கூடத்துக்கு ஒரு பூனையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பதிலுக்கு ஒரு பெட்டி கிடைக்கிறது, அதற்குள் நகலாக்கத்தில் (குளோனிங்) உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு பெண். அதை வியாழனுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே சுரங்கத்தில் வேலை செய்வது ஆண்கள் மட்டும். அங்கிருந்து மாற்றாக ஓர் இளைஞனை வாங்க வேண்டும். அவனுடைய ஒரே தகுதி, ஒரு பெண்ணின் மார்பை நேரில் பார்த்தவன் என்பது. அது அவனுக்குப் பட்டப்பெயரே ஆகிவிட்டது. தொழிலாளர்கள் முன் மேடையேறி அந்த அனுபவத்தைச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். அவன் சொல்லும் இரண்டு சொல்லுக்கு அந்தக் கூட்டம் சன்னதம் வந்ததுபோல் ஆடிப்போகிறது. அப்புறம் அவனை வெள்ளிக் கிரகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பெண்கள் மட்டும், அவர்களுடைய ஒரே ஆண் செத்துவிட்டான். இவனை அங்கே விட்டுவிட்டு, செத்தவன் உடலை வாங்கிப் பூமியில் உள்ள குடும்பத்திடம் சேர்த்தால் பெரிய தொகை. பூனையில் ஆரம்பித்துப் பிணத்தில் முடிகிற வியாபாரம்.

துரத்தும் வில்லன் பேராசிரியர் ஹெஸ். கதையை நமக்குச் சொல்வதும் அவர்தான். அவரிடம் ஒரு கோளாறு: காரணம் இல்லாமல்தான் அவரால் கொல்ல முடியும். முன்பின் தெரியாதவனை, மனக்கசப்பு எதுவும் இல்லாதவனைப் பொசுக்கென்று சாம்பலாக்கிவிடுவார். கர்டிஸ்மேல் அவருக்குத் தீராத கோபம், அதனாலேயே கர்டிஸைக் கொல்ல முடியவில்லை. வழியில் கர்டிஸ் சந்தித்த எல்லோரையும் கொன்றுகொண்டே வருகிறார். கர்டிஸைக் கொல்ல வேண்டுமென்றால் முதலில் அவனை மனசார மன்னிக்க வேண்டும். மன்னிப்பதற்காக ஒரு வில்லன் கோள் கோளாக அலைகிறான்! பழிக்குப் பழி என்ற கௌபாய் சட்டத்தை இதைவிட அழகாகத் தலைகீழாக்கியவர் யாரும் இல்லை. 'ஒப்ளிவியன்' கதாநாயகனின் கையைக் கட்டியது, இது வில்லனின் கையைக் கட்டுகிறது.

பார்க்க வேண்டிய ஒரு காட்சி: மதுக்கூடத்தின் கழிப்பறை. கர்டிஸ் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேர் ஒரு சின்ன இசைத்தட்டுக் கருவியோடு நுழைந்து, அவன் இருக்கும் அறையின் கதவுக்கு வெளியே ஆடிப் பாடத் தொடங்குகிறார்கள். பாட்டு நல்ல பாட்டு. ஆனால் அது மிரட்டலா, வரவேற்பா, கிண்டலா என்று கடைசி வரை புரியாது. கௌபாய் படத்தில் ஊருக்குப் புதியவன் மதுக்கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அந்தப் பழைய காட்சியின் வேலையை இது செய்கிறது. கையில் காசில்லாத படம் என்பதும் நன்றாகத் தெரியும். விண்கலம் பறப்பதை ஓவியங்களாகவே காட்டிவிடுகிறார்கள். அந்த இல்லாமையே படத்துக்குத் தனி முகம் கொடுத்துவிட்டது. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: பத்து நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் கடைசி வரை பிடிக்காது, அணைத்துவிடுங்கள்.

விண்வெளி கட்டாயம் இல்லை, காலக்கலப்பு போதும் என்றால் 'பேக் டு தி ஃப்யூச்சர் 3' (1990). அநேகமாகப் பார்த்திருப்பீர்கள். ஆனால் மூன்று பாகங்களில் இதைத்தான் பலரும் இளக்காரமாக ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸும் திரைக்கதை எழுதிய பாப் கேலும் இதில் ஒரு நுணுக்கமான வேலை செய்திருக்கிறார்கள். 1985-ஐச் சேர்ந்த பையன் மார்ட்டி, காலத்தில் தாவும் காரைக் கண்டுபிடித்த தன் நண்பர் டாக்டர் பிரவுனைக் காப்பாற்ற, அதே காரில் 1955-இலிருந்து 1885-க்குப் போகிறான். கிளம்புமுன் 1955-இன் டாக்டர் பிரவுன் அவனுக்கு உடை வாங்கிக் கொடுக்கிறார்: குஞ்சம் தொங்கும் பளபளச் சட்டை. அதன் நெஞ்சில் அணுவின் சின்னம் பின்னியிருக்கும், உற்றுப் பாருங்கள். கௌபாயும் அணுயுகமும் ஒரே சட்டையில். கிளின்ட் ஈஸ்ட்வுட் இப்படியெல்லாம் உடுத்தியதே இல்லை என்று அவன் புலம்ப, 1955-இன் டாக்டர் பிரவுனுக்கு அந்தப் பெயரே தெரியாது. அப்போது ஈஸ்ட்வுட் பெயர் வாங்கவில்லை. ஆக மூன்று கௌபாய்க் காலம் இங்கே முட்டிக்கொள்கின்றன: நிஜமாக 1885-இல் இருந்தது, 1955-இன் பாட்டுப் படங்கள் நினைத்தது, 1985-இல் இத்தாலிய வெஸ்டர்ன்களைப் பார்த்து வளர்ந்த பையன் நினைப்பது. கார் பாய்வதும் ஒரு திறந்தவெளித் திரையரங்கின் திரையை நோக்கி, அதன் கீழே குதிரையேறிய செவ்விந்தியர்கள் வரைந்திருக்கும். அடுத்த கணம் குதிரையில் பாய்ந்து வரும் நிஜமான செவ்விந்தியர்களுக்கு எதிரில் வந்து விழுகிறான். இடம் மான்யுமென்ட் வேலி, ஜான் ஃபோர்டு 1939-இல் 'ஸ்டேஜ்கோச்' எடுத்த அதே செம்மண் பாறைகள்.

அறிவியல் பக்கமும் சும்மா இல்லை. காரின் எரிபொருள் குழாய் கிழிந்துவிடுகிறது, 1885-இல் பெட்ரோல் கிடையாது. மதுக்கடையின் கடும் சாராயத்தை ஊற்றிப் பார்க்கிறார்கள், எஞ்சின் பாகம் வெடித்துப் பறக்கிறது. காலத்தில் தாவ மணிக்கு 88 மைல், அதாவது 140 கிலோமீட்டருக்குச் சற்று மேல், வேண்டும். குதிரைகள் இழுத்தும் ஆகவில்லை. கடைசி வழி நீராவி ரயிலைக் கடத்திக் காரைத் தள்ளவிடுவது. ரயில் கொள்ளை என்ற தேய்ந்த கௌபாய்க் காட்சி இங்கே இயற்பியல் கணக்குக்கு விடையாக வருகிறது. இரண்டு வகையும் ஒன்றுக்கொன்று உதவி செய்தால்தான் கலப்பு என்று சொல்லலாம்.

துப்பாக்கிச் சண்டைக்கு என்ன ஆகிறது? டாக்டர் பிரவுன் எந்தத் தேதியில், யார் கையால், எத்தனை டாலர் தகராறில் சாகப்போகிறார் என்று கல்லறைக் கல்லின் புகைப்படம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது: 80 டாலர். மார்ட்டி துப்பாக்கியைக் கீழே போடுகிறான். மேலங்கிக்குள் அடுப்பின் இரும்புக் கதவைச் செருகிவைத்திருக்கிறான். 1964-இன் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தில் ஈஸ்ட்வுட் செய்த தந்திரம் அது. இரண்டாம் பாகத்தில் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு விதை போட்டிருப்பார்கள். 1885-இல் ஈஸ்ட்வுட் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட மார்ட்டி, அவர் படத்தைக் காப்பியடித்துப் பிழைக்கிறான். மதுக்கடை மூலையில் உட்கார்ந்து வம்பு பேசும் மூன்று கிழவர்கள் பாட் பட்ரம், ஹாரி கேரி ஜூனியர், டப் டெய்லர், மூவரும் நிஜமான பழைய கௌபாய் பட நடிகர்கள். இதில் பட்ரம், நாம் முதலில் பார்த்த ஜீன் ஆட்ரிக்குப் பல படங்களில் தோழனாக வந்தவர்.

ஜெர்மன் காமெடி சகித்துக்கொள்வீர்கள் என்றால் 'ட்ராவும்ஷிஃப் சர்ப்ரைஸ்' (2004). மிஷேல் ஹெர்பிக் எடுத்தது. 'ஸ்டார் ட்ரெக்' கேலியாகத் தொடங்கி, கால இயந்திரமாக ஒரு சோபாவில் உட்கார்ந்து இடைக்கால இங்கிலாந்துக்கும் கௌபாய் ஊருக்கும் போகிறார்கள். ஜெர்மனியில் 90 லட்சம் பேருக்கு மேல் திரையரங்கில் பார்த்த படம். செவ்விந்தியக் கதைகள் எழுதிய கார்ல் மேயைப் படித்து வளர்ந்த நாடு என்பதால் அவர்களுக்கு வெஸ்டர்ன் வீட்டுச் சொத்துபோல. நம்மில் லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் படித்தவர்களுக்கு இந்த மனநிலை எளிதில் புரியும். ஆனால் ஓரினச் சேர்க்கையாளர்களைக் குழைந்து நடப்பவர்களாகக் காட்டும் ஜோக்குகள்தான் படம் முழுக்க. அவை அப்போதே பழசு.

தவிர்க்க வேண்டியவை: 'வைல்டு வைல்டு வெஸ்ட்' (1999), ராட்சத இரும்புச் சிலந்தியைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. 'கௌபாய்ஸ் அண்ட் ஏலியன்ஸ்' (2011), தலைப்பைப் பார்த்துக் காமெடி என்று நினைத்துப் போனால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு டேனியல் கிரெய்க்கும் ஹாரிசன் ஃபோர்டும் இரண்டு மணி நேரம் சுடுகிறார்கள். அவ்வளவு பணம் கொட்டியும் கடைசிச் சண்டை பேட் டர்ஸ்டன் சண்டைதான். 'செரெனிட்டி' (2005) நல்ல படம், சிரிக்கவும் வைக்கும். ஆனால் அது காமெடி கிடையாது, அதற்கு முன் 'ஃபயர்ஃப்ளை' தொடரைப் பார்த்திருந்தால்தான் ருசிக்கும்.

உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் 'பேக் டு தி ஃப்யூச்சர் 3', முன்பு பார்த்திருந்தாலும் சட்டைக்காகவும் அடுப்புக் கதவுக்காகவும் மறுபடி. அடுத்து நண்பர்களோடு ஒரு ராத்திரி 'ஒப்ளிவியன்', தனியாகப் பார்த்தால் தொய்வு பெரிதாகத் தெரியும். 'தி அமெரிக்கன் ஆஸ்ட்ரோநாட்' மட்டும் தனியாக, விளக்கை அணைத்து, ஒலியைக் கூட்டிவைத்துப் பாருங்கள்.